கை தேடிய ஆணி

கிட்டே வாருங்கள், என் கண்களா. இன்னும் கொஞ்சம் கிட்டே. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தால் என் குரல் பாதி வழியிலேயே களைத்துப்போகும். அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கிவைத்துவிட்டு வந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஆணியின் கதை சொல்கிறேன். ஆணியில் என்ன கதை இருக்கப்போகிறது என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். முடிவதற்குள் உங்கள் வீட்டுச் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

கடற்கரை ஒன்றில் நீளமான கல்கூடம் இருந்தது. இரண்டு வரிசைத் தூண்கள், வரிசைக்குப் பதினெட்டு. மேலே மர விட்டங்கள், அதற்கு மேலே ஓடு. மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும். யாரோ எந்தக் காலத்திலோ சரக்கு இறக்கிவைக்கக் கட்டியது. சரக்கு வேறு வழி பார்த்துப் போன பிறகு வலைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். கடல் கொந்தளிக்கும் மூன்று மாதம் படகுகள் கரையேறிவிடும். அந்த மூன்று மாதமும் ஊர் வலைகள் எல்லாம் அந்தக் கூடத்தில்தான் கிழிசல் தைக்கப்படும். மற்ற ஒன்பது மாதம் உள்ளே புறாதான் குடித்தனம் பண்ணும்.

அந்தக் கூடம் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்தின் பட்டியலில் ஏறியது. அதைப் பார்த்து எழுத ஓர் அம்மா வந்தாள். நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை, தோளில் கனமான பை, கையில் அளவு நாடா. வந்த அன்றைக்கே ஊர்க்காரர்கள் அவளுக்கு அளவுக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். நல்ல மனுஷி. ஒரு கல்லைத் தொட்டால் அதற்கு வலிக்குமோ என்று பார்த்துத் தொடுகிற ஜாதி. ஆனால் பாருங்கள், அவள் வந்தது அந்த ஒன்பது மாதத்தில்.

கூடம் காலியாக இருந்தது. மூலையில் அறுந்த கயிறு, பல் போன ஒரு சீப்பு, புறா எச்சம். அவள் வாசலில் இருந்த காவலாளியைக் கேட்டாள்.

"இங்க யாராவது வந்து போவாங்களா?"

"இப்ப யாரும் வர்றதில்லம்மா" என்றார் அவர்.

அவள் எழுதிக்கொண்டாள்: யாரும் வருவதில்லை. காவலாளியின் 'இப்ப' மட்டும் காகிதத்தில் ஏறவில்லை.

அவள் கையிலிருந்தது பதினாறு பக்கப் படிவம். கல்லுக்கு ஒரு கட்டம், சுண்ணாம்புக்கு ஒன்று, மரத்துக்கு, ஓட்டுக்கு, இரும்புக்கு. இரும்புக் கட்டத்துக்கு வந்ததும் அவளுக்கு முகம் வாடியது. தூண் தூணாக ஆணிகள். ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று தலைக்கு மேலே, நாலு ஒரே இடத்தில் கொத்தாக. ஒழுங்கும் இல்லை, வரிசையும் இல்லை. இரும்பு துருப்பிடித்தால் ஊதும், கல்லுக்குள்ளிருந்து கல்லையே பிளக்கும். பல தூண்களில் மயிரிழை விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. தூணுக்குத் தூண் படம் எடுத்தாள், இருநூற்றுப் பதினான்கு என்று எண்ணினாள், 'தேவையற்ற பிற்காலச் சேர்க்கை, அகற்றுக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அகற்ற வந்த கொத்தனார் சாமானியப்பட்டவர் இல்லை. பூசின இடத்தை அவரே தேடினாலும் கிடைக்காது, அப்படி ஒரு கை. ஒவ்வோர் ஆணியையும் பல் பிடுங்குகிற மாதிரி அசைத்து அசைத்து எடுத்தார். தூணின் கல்லையே கொஞ்சம் பொடித்துச் சுண்ணாம்பில் குழைத்து ஓட்டையை அடைத்தார். பிடுங்கிய ஆணியை எல்லாம் சாக்கில் கட்டி மூலையில் வைத்தார். முடித்ததும் தூண்கள் குளித்துத் தலைவாரிய பிள்ளைகள் மாதிரி நின்றன. அளவுக்காரம்மாவுக்குக் கண் நிறைந்தது.

பிறகு கடல் கொந்தளித்தது. படகுகள் கரையேறின.

வலைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆணும் பெண்ணுமாக அறுபது எழுபது பேர் கூடத்துக்குள் நுழைந்தார்கள். பேசிக்கொண்டே வந்தவர்கள் தூண்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். முன்னால் வந்தவள் பெயர் ஊசியக்கா. கொண்டையில் எந்நேரமும் வலை பின்னும் ஊசி செருகியிருக்கும், அதனால் அந்தப் பெயர். அவள் தன் தூணிடம் போய் உள்ளங்கையால் தடவினாள்.

"வழுவழுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அளவுக்காரம்மா அங்கேதான் நின்றிருந்தாள். பாராட்டு என்று நினைத்துச் சிரித்தும் விட்டாள், பாவம்.

"ஆமாங்க. எல்லா ஆணியையும் எடுத்தாச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல."

"கெட்டிக்காரி" என்றாள் ஊசியக்கா. அந்தச் சொல்லில் இருந்த குளிர் அப்போதுதான் அளவுக்காரம்மாவின் முதுகில் ஏறியது.

வலை பழுதுபார்க்க ஆணி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். வலையின் மேல்கயிற்றை ஒரு தூணின் ஆணியிலிருந்து அடுத்த தூணின் ஆணிவரை இழுத்துக் கட்டினால் வலை திரை மாதிரித் தொங்கும். கிழிசல் தெரியும், உட்கார்ந்து தைக்கலாம். அந்த இரண்டு ஆணிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அந்தக் குடும்பத்து வலையின் அளவு. இத்தனை முழத்துக்கு ஒரு மிதவை, இத்தனைக்கு ஓர் ஈயக்குண்டு என்று அதை வைத்துத்தான் கட்டுவார்கள். படகுக்குப் படகு வலை வேறு, அதனால் ஆணிக்கு ஆணி தூரமும் வேறு. உயரமோ தைக்கிறவரின் தோளைப் பொறுத்தது. குட்டைக்காரிக்குத் தாழ, நெட்டையனுக்கு உயர. யார் எங்கே உட்காருவது, யார் வலை யார் வலைக்குப் பின்னால் போவது, எல்லாம் அந்த ஆணிகள் சொல்லிக்கொண்டிருந்தன. யாரும் வாய்திறந்து பேசி முடிவு செய்தது கிடையாது.

ஆணி போனதும் அது அத்தனையும் போய்விட்டது.

முதல் நாள் தூணைச் சுற்றிக் கயிறு கட்டிப் பார்த்தார்கள். கயிறு வழுக்கியது. எவன் கயிறு எவன் இடத்தில் போகிறது என்று தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒருவர் வலைக்குள் ஒருவர் சிக்கினார்கள். மூன்றாம் நாள் நெட்டையன் தைத்து முடித்த வலையை விரித்துப் பார்த்தான். ஒரு பக்கம் இரண்டு முழம் குறைந்து, வலை கோணிக்கொண்டு கிடந்தது.

"மூணு நாள் வேலை" என்றான். "இத வச்சு மீன் புடிக்க முடியாது. நடுவுல ஓட்டை போட்டா பாவாடை தைக்கலாம்."

"உன் உசரத்துக்குப் பத்தாதுடா" என்றாள் ஊசியக்கா. சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது. அந்தப் பக்கம் இரண்டு குடும்பம் இடத்துக்காகக் குரலை உயர்த்தத் தொடங்கியிருந்தது.

சேதி மேலே போனது. அளவுக்காரம்மாவின் மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர். வேலை முடிந்து கோப்பு மூடினால் நிம்மதியாகத் தூங்குகிறவர்.

"சண்டைன்னு கேள்விப்பட்டேன். நல்லதாப் போச்சு. பின்னாடி தகரக் கொட்டகை போட்டுத் தந்துடலாம். கொக்கி எல்லாம் சமதூரத்துல, ஒரே உசரத்துல. கூடத்தப் பூட்டிப் பார்வைக்கு மட்டும்னு வச்சிடலாம். பன்னண்டாம் நாள் நான் வர்றேன், கையெழுத்துப் போட்டு முடிச்சிடலாம்."

அவள் இதைக் கூடத்தில் வந்து சொன்னாள். சொல்லாமல் மறைக்க அவளுக்குத் தெரியாது. ஊசியக்கா கேட்டுக்கொண்டே கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து நூல் கோத்தாள்.

"சமதூரத்துல கொக்கி. ஏம்மா, எங்க வலை எல்லாம் ஒரே அளவா? எங்க முதுகெல்லாம் ஒரே நீளமா?"

"இல்லக்கா."

"இந்தக் கூடத்துல காத்து கடல்ல இருந்து வந்து ஓட்டு இடுக்கு வழியா மேல போயிடும். ஈர வலை ரெண்டு மணி நேரத்துல காயும். தகரத்துக்குக் கீழ வலையோட சேந்து நாங்களும் வெந்துடுவோம். எங்களத் தூக்கி வெளிய வச்சிட்டு உள்ள எதப் பாதுகாக்கப் போறீங்க? புறாவையா?"

 ஆணியைப் பிடுங்கச் சொல்லி எழுதியது அளவுக்காரம்மாவின் கை. அந்தக் கையெழுத்தால் எழுபது பேர் கூடத்தை விட்டு வெளியேறப் போகிறார்கள். பன்னிரண்டாம் நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அவ்வளவுதான். அன்றைக்கு நாலாம் நாள்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் தொடங்கினாள். முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டாள். "மறுபடி ஆணி அடிக்கணும். பழைய ஓட்டை எல்லாம் எங்கன்னு காட்டுங்க."

கொத்தனார் தூணைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். கடைசியில் அவர் முகத்தில் பெருமையும் துக்கமும் ஒன்றாக வந்தன.

"என் வேலைய நானே கண்டுபுடிக்க முடியலம்மா. அவ்வளவு நல்லா பண்ணியிருக்கேன்."

சரி, படம் இருக்கிறதே. படத்தில் இருநூற்றுப் பதினான்கு ஆணியும் அப்படியே தெரிந்தன. ஆனால் இருநூற்றுப் பதினான்கையும் திருப்பி அடித்தால் தூண் தாங்குமா? அதில் பாதிக்கு மேல் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்களின் ஆணி, ஊரைவிட்டுப் போனவர்களின் ஆணி. இன்றைக்கு வேலை செய்கிற ஆணி எது, அது யாருடையது? படம் அதைச் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கி ஊசியக்காவிடம் நீட்டினாள்.

"இதுல உங்க ஆணி எதுக்கா?"

ஊசியக்கா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தூர வைத்துப் பார்த்தாள். தலையைச் சாய்த்தும் பார்த்தாள்.

"தெரியலியே."

"இருபது வருஷமா மாட்டுறீங்க."

"மாட்டுறேன். பாத்ததில்லையே" என்றாள் ஊசியக்கா. "கண்ணு வலையில இருக்கும். ஆணிய யாரு பாத்தா?"

எழுபது பேரிடமும் கேட்டாள். எழுபது பேரும் அதையே சொன்னார்கள். வற்புறுத்திக் கேட்டபோது ஒரே ஆணியைக் காட்டி மூன்று பேர் என்னுடையது என்றார்கள். அது வேறு புதுச் சண்டை.

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பினாள். வீட்டில் நாத்தனார் வந்திருந்தாள், அதாவது புருஷனின் தங்கை. வாய் நிறைய 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடுகிற, கை சும்மா இருக்காத பெண். அண்ணி அலைந்து திரிந்து வருகிறாளே என்று அவள் அன்று முழுவதும் சமையலறையைத் துடைத்து, டப்பாக்களை எல்லாம் உயரப்படி அடுக்கி வைத்திருந்தாள். பெரியது இடதுபுறம், சின்னது வலதுபுறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அளவுக்காரம்மா அடுப்படியில் நின்றாள். மனம் முழுக்கத் தூண்கள். கொதிக்கிற பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டே வலக்கையை அடுப்புக்கு மேலே சாய்வாக நீட்டினாள். கை காற்றைப் பிடித்தது. உப்பு டப்பா அங்கே இல்லை.

கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணி, சிலையாட்டம் நிக்கறீங்க?"

"உப்பு இங்கதான இருக்கும்?"

"சின்ன டப்பாங்கிறதால அந்தக் கோடில வச்சேன். ஏன், தப்பாப் போச்சா?"

"இல்லம்மா" என்றாள் அளவுக்காரம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கண்ணும் கலங்கியது. "நீ நல்லதுதான் பண்ணியிருக்கே. நானும் ஒரு இடத்துல இதே நல்லதத்தான் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"அப்ப திருப்பி வச்சிடவா?"

"நீ வைக்காதே. எங்க இருந்துச்சுன்னு உனக்கும் தெரியாது, கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது. என் கைக்கு மட்டும்தான் தெரியும்."

அன்றைக்கு அவள் உப்பு குறைந்த சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஓட்டமாக வேலைக்குப் போனாள்.

கூடத்தில் எல்லாரையும் அவரவர் தூணுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கொத்தனார் கையில் ஒரு பெட்டி சுண்ணக்கட்டி. "ஆணி எங்க இருந்துச்சோ அங்க கைய நீட்டுங்க" என்றாள்.

எழுபது கைகள் நீண்டன. எழுபதும் நடுவில் நின்றன. இங்கேயா, கொஞ்சம் மேலேயா, இல்லை இப்படியா என்று விரல்கள் தடுமாறின. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நீட்டி, பக்கத்திலிருந்தவன் காதைப் பிடித்தாள்.

"அது ஆணி இல்ல, என் காது."

"ஆணியா இருந்தா பிரயோஜனமாவது இருந்திருக்கும்."

அளவுக்காரம்மா முகம் சுருங்கியது. ஊசியக்காதான் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"நீட்டச் சொன்னா கை நீட்டாதும்மா. நடக்கிறவன நிறுத்தி எந்தக் கால முதல்ல வைப்பேன்னு கேட்டுப் பாருங்க, தடுக்கி விழுவான். நீங்க பேசாம இருங்க. நான் பாத்துக்கறேன்."

பிறகு அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "யாரும் ஆணிய நெனைக்க வேணாம். வலைய எடுங்க, வேலையப் பாருங்க." அவளும் உட்கார்ந்தாள். தைக்கத் தொடங்கினாள். தைத்துக்கொண்டே கதை பேசினாள்: நெட்டையன் பெண்பார்க்கப் போன வீட்டில் நிலைப்படியில் இடித்துக்கொண்டு, அந்த வீட்டு அம்மாவே மஞ்சள் அரைத்துப் போட்ட கதை.

"நெத்தி வீங்கினதப் பாத்துட்டு, மாப்பிள்ளைக்குப் புத்தி அதிகம்னு நெனச்சு ஒத்துக்கிட்டாங்க" என்றாள்.

"அக்கா, அது பழைய கதை" என்றான் நெட்டையன்.

"வீக்கம் இன்னும் வடியலயேடா."

கூடம் சிரித்தது. எதிர்வரிசையிலிருந்து ஒருத்தி பதிலுக்கு ஒரு கதையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பேச்சுக்குள் போய்விட்டார்கள், கைகள் வலைக்குள் போய்விட்டன. அளவுக்காரம்மா ஒரு தூணுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

முதலில் போனது நெட்டையன் கை. கால் கட்டைவிரலில் வலையின் ஒரு கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே, கயிற்று வளையத்தை வலக்கையில் எடுத்து, திரும்பிப் பார்க்காமல் மேலே கொண்டுபோனான். வெறும் கல்லில் வளையம் தட்டிக் கீழே விழுந்தது. "சே" என்றான். அவன் கை தொட்ட இடத்தில் கொத்தனார் பூனை மாதிரி வந்து ஒரு புள்ளி வைத்தார்.

பிறகு ஒரு கை. அப்புறம் இன்னொன்று. மழை பிடிக்கிற மாதிரிதான், ஒன்றிரண்டாகத் தொடங்கி எல்லாத் தூணிலும். கொத்தனாருக்கு ஓடி மாளவில்லை. "மெதுவாத் தைங்கப்பா, எனக்கு ரெண்டே காலு" என்று முனகினார். ஒவ்வொருவரையும் நாலைந்து தடவை பார்த்தார்கள். நாலைந்து புள்ளியும் ஒரே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன.

அளவுக்காரம்மா படத்தைத் தூணோடு வைத்துப் பார்த்தாள். புள்ளி இருந்த இடமும் படத்தில் ஆணி இருந்த இடமும் ஒரு விரல்கடை பிசகவில்லை. கொத்தனார் உளியின் முனையால் சுரண்டினார். பூச்சு உதிர்ந்து பழைய ஓட்டை வாயைத் திறந்தது.

"அடப்பாவி" என்றார் தன்னைத்தானே. "எவ்வளவு நல்லா மறைச்சிருக்கேன்."

ஒரு தூணில் மட்டும் வேலை நின்றது. அந்தத் தூணின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவரும் ஓரகத்திகள், அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஏதோ கல்யாணத்துக்கு யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்பதில் தொடங்கியது. அதைக் கேட்டால் இன்று முழுவதும் போகும், வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். இரண்டு கையும் தூணின் விளிம்பில் ஒரே இடத்துக்குப் போய் ஒன்றையொன்று தொட்டன. எடுத்துக்கொண்டார்கள்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "இது யாரு ஆணி?"

"என்னுது" என்றாள் மூத்தவள்.

"எனக்கும் அதான்" என்றாள் இளையவள்.

அளவுக்காரம்மா படத்தைப் பார்த்தாள். அந்த விளிம்பில் ஒரே ஓர் ஆணிதான் இருந்தது. "ரெண்டு பேரும் ஒரே ஆணியிலயா மாட்டினீங்க? தெரியாதா உங்களுக்கு?"

இளையவள் வலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தெரியாம என்ன. அவங்க கை எப்பவும் சில்லுன்னு இருக்கும். தினமும் படும்."

கொத்தனார் சமரசத்துக்கு வந்தார். "சண்ட வேணாம். ரெண்டு ஆணியா அடிச்சிடறேன். ஆளுக்கு ஒண்ணு."

மூத்தவள் தலை நிமிர்ந்தாள். "ரெண்டெல்லாம் அடிக்காதீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தூணு தாங்காது" என்று சேர்த்துக்கொண்டாள்.

தூண் தாங்கியிருக்கும், கண்களா. நமக்குத் தெரியும். கொத்தனாருக்கும் தெரியும். அவர் ஒரே புள்ளி வைத்துவிட்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டார்.

பொழுது சாய்வதற்குள் எண்ணினார்கள். ஒரே வலையைத் தைக்கிறவர்கள் ஆணியைப் பகிர்ந்துகொண்டது போக, வேலை செய்கிற ஆணிகள் அறுபத்தொன்று. மிச்சம் நூற்றைம்பத்து மூன்றை என்ன செய்வது? அளவுக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மறுபடியும் தவறிவிடுவோமோ என்ற பயம் வேறு. மூலையில் இருந்த சாக்கைக் காட்டி ஊசியக்காவிடம் கேட்டாள்.

"அக்கா, இதெல்லாம் உங்க முன்னோர் அடிச்சது. இதையும் திருப்பி வைக்கணுமா?"

"எதுக்கு? அவங்க எந்திரிச்சு வந்து தைக்கப் போறாங்களா?" என்றாள் ஊசியக்கா. "எங்களுக்கு உட்கார எடம் வேணும்மா. அந்தச் சாக்க மட்டும் குடுத்துடுங்க. தூக்கிப் பாத்தேன், நல்ல கனம். சின்னப் படகுக்கு நங்கூரமாப் போடலாம்."

எடுத்துக்கொண்டும் போனாள்.

அடுத்து வந்த நாள்களில் கொத்தனார் அறுபத்தோரு ஓட்டையையும் திறந்தார். இந்தத் தடவை இரும்பு வேண்டாம் என்றாள் அளவுக்காரம்மா. எவர்சில்வர் ஆணி, கட்டைவிரல் தடிமன். துருவும் பிடிக்காது, கல்லையும் பிளக்காது. நெட்டையன் மட்டும் குறை சொன்னான், "பளபளன்னு கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி இருக்கு" என்று. பூச்சு இறுகும்வரை நாலு நாள் சுமை ஏற்றக்கூடாது என்று கொத்தனார் ஒவ்வோர் ஆணியிலும் ஒரு சிவப்புத் துணி கட்டினார். நாலு நாளும் எல்லாரும் வெளியே உட்கார்ந்து மிதவைகளைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, எட்டி எட்டி உள்ளே பார்த்தார்கள்.

பதினோராம் நாள் அளவுக்காரம்மா தன் மேசையில் படிவத்தை விரித்தாள். கல், சுண்ணாம்பு, மரம், ஓடு, இரும்பு. உட்கார்ந்து தைக்கிறவர்களுக்குக் கட்டம் இல்லை. 'சேதம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'காரணம்' என்று ஒரு வரி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. சேதம்: பயன்பாட்டிலிருந்த ஆணிகள் அகற்றப்பட்டது. காரணம்: என் கணிப்புப் பிழை, ஆள் இல்லாத பருவத்தில் பார்த்து எழுதினேன். பிறகு ஒரு வெள்ளைத்தாளைப் பதினேழாம் பக்கமாக ஒட்டி, அறுபத்தோரு ஆணியையும் வரிசையாக எழுதினாள். எந்தத் தூண், எவ்வளவு உயரம், யார் மாட்டுவது.

பன்னிரண்டாம் நாள் மேலதிகாரி வந்தார். லேசான தூறல். குடையை மடக்கிக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தார். சண்டையை எதிர்பார்த்து வந்தவர், உள்ளே வலைகள் திரை திரையாகத் தொங்குவதையும் ஆளுக்கொரு பக்கம் ஊசி ஓடுவதையும் பார்த்து நின்றுவிட்டார். அவளிடமிருந்து அறிக்கையை வாங்கினார். இரண்டு கையாலும் புரட்டவேண்டி, ஈரக் குடையைப் பக்கத்திலிருந்த ஆணியில் மாட்டினார்.

"சேதத்துக்குக் காரணம்னு உங்களையே எழுதியிருக்கீங்க?"

"நான்தானே சார்."

"ஆணி கல்லக் கெடுக்கும்னு எழுதினதும் நீங்கதான்."

"இரும்பு கெடுக்கும். அத எடுத்தது சரி சார். ஆனா ஆணிய எடுக்கறப்ப அது பக்கத்துல உக்காந்திருந்த ஆளையும் சேத்து எடுத்துட்டேன். அதுதான் தப்பு."

அவர் பதினேழாம் பக்கத்துக்கு வந்தார். "இந்தப் பக்கம் நம்ம படிவத்துல இல்லையே."

"இல்ல சார். அதான் ஒட்டினேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தூணின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை கயிற்று வளையத்தோடு மேலே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. குடையின் மேல் பட்டது, ஒரு கணம் நின்றது, குடையை எடுத்துத் தரையில் வைத்தது, வளையத்தை மாட்டிவிட்டுத் திரும்ப வலைக்குள் போய்விட்டது. தூணின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து, அதே ஆணியில் இன்னொரு வளையத்தை மாட்டியது.

"யாரு குடைங்க அது?" என்றாள் ஓரகத்திகளில் இளையவள் பொதுவாக.

"யாரோ வழி தெரியாத ஆளோடது" என்றாள் மூத்தவள். அவள் சொன்னது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. ஊசியக்கா நூலைப் பல்லால் கடிப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேலதிகாரி குனிந்து தன் குடையை எடுத்துக்கொண்டார். ஆணியைப் பார்த்தார், பக்கத்துத் தூணின் ஆணியைப் பார்த்தார், நடுவில் தொங்கிய வலையைப் பார்த்தார். பதினேழாம் பக்கத்தில் அந்தத் தூணின் எண்ணைத் தேடி விரல் வைத்தார். 'விளிம்பில் ஒன்று, இருவர்' என்று எழுதியிருந்தது.

"ஒவ்வொரு வருஷமும் ஆளு மாறுவாங்களே. அப்ப?"

"ஒவ்வொரு வருஷமும் வந்து எழுதணும் சார். இவங்க இருக்கிற மாசத்துல."

"வேலைய நீங்களே இழுத்து விட்டுக்கறீங்க."

"ஆமா சார்."

அவர் பேனாவைத் திறந்தார். தான் கொண்டுவந்திருந்த உத்தரவில் 'பார்வைக்கு மட்டும்' என்ற வரியை அடித்துவிட்டு, 'பயன்பாட்டோடு பாதுகாக்க' என்று எழுதினார். பக்கத்தில் வைக்க மேசை இல்லாததால் கொத்தனாரின் முதுகில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். தகரக் கொட்டகையைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

மறுவருஷம் கடல் கொந்தளித்த மூன்றாம் நாளே அளவுக்காரம்மா வந்துவிட்டாள். பையைத் தரையில் வைத்துவிட்டுப் பதினேழாம் பக்கத்தோடு தூண் தூணாகப் போனாள். ஒருவர் தன் மகளோடு இருக்க ஊரைவிட்டுப் போய்விட்டார், அவர் ஆணியைக் கழற்றி ஓட்டையை அடைத்தாயிற்று. நெட்டையனுக்குக் கல்யாணமாகி, அவன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் தாழ்வாகப் புதிதாக ஒன்று. கீழ்க்கோடியில் புதிதாக இரண்டு. கூட்டிப் பார்த்தால் அறுபத்து மூன்று. ஆனால் எண்ணியபோது அறுபத்து நான்கு வந்தது. மறுபடி எண்ணினாள், மறுபடியும் அறுபத்து நான்கு. வாசல் தூணில், அவள் தோள் உயரத்தில், யாரும் மாட்டாத ஓர் ஆணி.

"கொத்தனாரே, இது யாருது?"

கொத்தனார் ஒன்றும் தெரியாதவர் போல மேலே கூரையைப் பார்த்தார். ஊசியக்காதான் பதில் சொன்னாள், தைப்பதை நிறுத்தாமலே. "உங்க பைய எப்பப் பாத்தாலும் தரையில வச்சிடறீங்க. வலை ஈரம் படுது. அதுக்குத்தான்."

அவள் பட்டியலைப் பார்த்தாள். வேலை செய்கிற ஆணிகளைத்தான் எழுத வேண்டும், அது அவளே போட்ட விதி. பேனாவை மூடினாள். பிறகு போய்ப் பையை எடுத்து அதில் மாட்டினாள். மாட்டிவிட்டு வந்து அறுபத்து நான்கு என்று எழுதினாள்.

அவ்வளவுதான் என் கண்களா, கதை இறங்கிவிட்டது. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் இருட்டில் கை நீட்டினாலும் விளக்கு அகப்படட்டும், அடுப்படியில் கை நீட்டினால் உப்பு அகப்படட்டும். உள்ளே வருகிற எல்லாருக்கும் அவரவர் உயரத்தில் ஓர் ஆணி இருக்கட்டும். கோபித்துக்கொண்ட இரண்டு கைகள் உங்கள் வீட்டில் இருந்தால், தினம் ஒரு தடவையாவது அவை ஒரே இடத்தில் பட்டுக்கொள்ளட்டும். நல்லபடியாக இருங்கள்.